பாசஞ்சர் உட்கார்ந்த இடம்

கணக்கு டீச்சர் அவளுடைய தாளைத் தூக்கிக் காட்டியதும் வகுப்பே சிரித்தது.

வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்ததை வரைபடமாகப் போடச் சொல்லியிருந்தார் டீச்சர். கீழ்க்கோட்டில் நேரம், பக்கக்கோட்டில் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம். அவளோ வழியில் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றியதை அப்படியே வட்டமாக வரைந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு மரம் வேறு.

"கோடு திரும்பி இடது பக்கம் போகுதே, நேரமும் பின்னாடி போச்சா?" என்றார் டீச்சர். "இங்க பாரு, ஒரே நிமிஷத்துல நீ ரெண்டு இடத்துல இருக்க. ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரே ஒரு இடம்தான் இருக்கணும். அதைத்தான் சார்புன்னு சொல்றோம். நாளைக்கு வேற போட்டுட்டு வா. மரம் வேண்டாம்."

தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தால், அங்கே அதைவிடப் பெரிய ரகளை.

அம்மா தையல்காரர். பாடகி ஒருவரின் கவுன் மேஜைமேல் தயாராக இருந்தது, பொத்தான்கள் மட்டும்தான் பாக்கி. மாலை நிகழ்ச்சிக்கு அதைப் போட்டுக்கொள்ள ஆறு மணிக்கு அவர் வந்துவிடுவார். பொத்தான் வாங்கப் போன தம்பியோ வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தான்.

தம்பிக்கு ஏழு வயது. வீட்டில் அவன் பெயர் பாசஞ்சர். பாசஞ்சர் ரயில் மாதிரி தெருவில் ஒரு இடம் விடாமல் நின்று நின்றுதான் வருவான்.

"எங்கடா நின்னே? எங்க போட்டே?"

"எங்கயும் நிக்கலம்மா. வாங்கினேன், வந்தேன், கையில இல்ல."

"அந்த நிறத்துல அதுதான் கடைசி" என்று கடைக்காரர் போனில் கையை விரித்துவிட்டார். அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க, தம்பி முன்னால் சொன்னதையும் மாற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அவன் உதடு துடித்தது. எல்லோரும் பார்க்க நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருந்தது. பாவமாக இருந்தது.

"நீ இரும்மா, நான் கேக்கறேன்" என்றாள். அம்மா துணி வெட்டுவதற்கு அளவு வரையும் பழுப்புத் தாளைத் தரையில் விரித்தாள். சாக்குக்கட்டியை எடுத்து இரண்டு கோடு போட்டாள். "கடையை விட்டுக் கிளம்பறப்ப மணி என்னடா?"

"நாலு. அங்க கடிகாரம் அடிச்சுது."

மேலே ஒரு புள்ளி வைத்தாள். கடைதான் வீட்டிலிருந்து ரொம்பத் தூரம்.

"வீட்டுக்கு வந்தது நாலு நாப்பது" என்றார் அம்மா. கீழே ஒரு புள்ளி.

"நடுவுல எங்கயாவது மணி தெரிஞ்சுதா?"

தம்பி யோசித்தான். "சலூன் ரேடியோல நாலு மணி செய்தி ஓடிட்டிருந்துச்சு. அப்புறம், போஸ்ட் ஆபீஸைப் பூட்டிட்டிருந்தாங்க."

"அது நாலரைக்கு" என்றார் அம்மா.

நான்கு புள்ளிகளையும் சேர்த்தாள். கடையிலிருந்து சலூன் வரை கோடு சரசரவென்று இறங்கியது. போஸ்ட் ஆபீஸிலிருந்து வீடு வரையும் அப்படியே. நடுவில் மட்டும் நீளமாகப் படுத்துக்கொண்டது. சலூனும் போஸ்ட் ஆபீஸும் கூப்பிடு தூரம்தான்.

"பாரு, இங்க மணி ஓடுது. நீ நகரவே இல்ல."

"இது நானா?" தம்பி குனிந்து பார்த்தான். படுத்த கோட்டின்மேல் மெதுவாக விரலை வைத்தான். "இங்கதான் வீடு கட்டறாங்க. கலவை மெஷின் சுத்திச்சு. ஆனா நான் நிக்கலக்கா. மணல் மேல உக்காந்திருந்தேன்."

அம்மாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் சிரிப்புதான் வந்தது.

அக்காவும் தம்பியும் தலைதெறிக்க ஓடினார்கள். மணல் குவியல் பாதிதான் இருந்தது. மீதியை வாரி வாரி மெஷினில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி தான் உட்கார்ந்த பக்கத்தில் இரண்டு கையாலும் தோண்டினான். காகிதப் பொட்டலத்தின் ஒரு முனை எட்டிப்பார்த்தது.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சுவத்துக்குப் பொத்தான் வெச்சிருப்போம்" என்றார் கொத்தனார்.

பாடகி கதவைத் தட்டியபோது அம்மா கடைசிப் பொத்தானின் நூலைக் கடித்துக்கொண்டிருந்தார். கவுனைப் போட்டுப் பார்த்த பாடகி கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினார். தம்பி அக்காவின் கையை விடவே இல்லை.

மறுநாள் புது வரைபடத்தை டீச்சர் வெகு நேரம் பார்த்தார்.

"சரியா இருக்கே. இது நீ நடந்த வழியா?"

"இல்ல டீச்சர், என் தம்பி."

"நடுவுல இப்படிப் படுத்திருக்கே, இது என்ன?"

"கலவை மெஷின், டீச்சர்."

வகுப்பு சிரித்தது. இந்த முறை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"மரம் போடலையா?" என்றார் டீச்சர்.

"இருந்துச்சு டீச்சர். அதுகிட்ட அவன் நிக்கல, அதனால விட்டுட்டேன்."