பதினேழாம் பொந்து

ஒரு மாத விடுமுறையில் விடுதியின் முன்வாசல் பூட்டு துருப்பிடித்து அடம்பிடித்தது. வார்டன் சாவியை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தாள். பொறுமை போய்க் கதவை ஓர் எத்து எத்தினாள். திறந்துகொண்டது.

"பூட்டம்மாவுக்கே பூட்டு திறக்க மாட்டேங்குது பாரு" என்றாள் பின்னால் பெட்டியோடு நின்ற மகள். விடுதிப் பெண்கள் வார்டனுக்கு வைத்த பட்டப்பெயர் அது. மகள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. ஒரு மாதமாக அவள் இப்படித்தான் இருக்கிறாள்.

மறுநாள் காலை மற்ற பெண்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். அதற்குள் தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும், பாய் மெத்தைகளை வெயிலில் போட வேண்டும். வார்டன் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். கை வேலை செய்தது. கண் மட்டும் தன் அறைச் சுவரில் இருந்த மர அலமாரிப் பக்கம் போகாமல் ஒளிந்துகொண்டே இருந்தது.

அலமாரியில் முப்பத்திரண்டு சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண். மாலை ஆறு மணிக்கு மணி அடித்தால் ஒவ்வொரு பெண்ணும் தன் போனைக் கொண்டுவந்து தன் எண்ணுள்ள அறைக்குள் வைத்துவிட்டுப் படிக்கப் போக வேண்டும். எட்டு மணிக்குத்தான் திரும்பக் கிடைக்கும். பெண்கள் அந்த அறைகளைப் பொந்து என்பார்கள். முதல் பொந்து வார்டனின் மகளுக்கு.

பதினேழாம் பொந்து இப்போது காலி.

அந்தப் பொந்துக்காரிக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்ததும் வார்டனின் மகள்தான். ஒல்லியான பெண். யாராவது கொஞ்சம் சத்தமாகப் பேசினாலே தோளைக் குறுக்கிக்கொள்வாள். இருட்டென்றால் அவளுக்கு உயிர் போகும். தூக்கத்தில் ஒருநாள் அவள் "லைட்டை அணைக்காதீங்க, அம்மா, லைட்டை அணைக்காதீங்க" என்று புலம்பியதை யாரோ பதிவு செய்தார்கள். வாட்ஸப்பில் 'எலிப்பொறி' என்று ஒரு குழு தொடங்கி அதில் போட்டார்கள். சுண்டெலியைத் தவிர முப்பத்தொரு பேரும் அதில் இருந்தார்கள். பிறகு, வேடிக்கை பார்க்க அவளையும் சேர்த்து, அவளைக் குத்திக் குத்தி எழுதினார்கள். முப்பத்தொரு பேரும் அந்தக் குரலையே ரிங்டோனாக வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் யாருடைய போன் அடித்தாலும் அவள் குரல்தான் கெஞ்சும். முப்பத்தொரு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அவள் வார்டனிடம் வந்தாள். போனை நீட்டினாள். வார்டன் படித்தாள். குழுவைத் தொடங்கியவர் யார் என்று பார்த்தாள். தன் மகளின் எண்.

மகள் தகப்பன் இல்லாத பெண். இந்த வேலையால்தான் இருவருக்கும் ஓர் அறை, மகளுக்கு இந்தப் பள்ளியில் ஓர் இடம். வார்டன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்தாள். குழுவிலிருந்து சுண்டெலியை வெளியே எடுத்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அழிச்சிட்டேன். இனிமே ஒண்ணும் இல்ல. கண்டதையும் மனசுல போட்டுக்காம போய்ப் படி."

அந்தப் பெண் விடவில்லை, தலைமை ஆசிரியையிடமும் போனாள். போனை வாங்கிப் பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. அவளைப் பொய்க்காரி என்றார்கள். வார்டன் பக்கத்தில்தான் நின்றாள். வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல நின்றாள்.

அடுத்த வாரம் ஓர் இரவில் மின்சாரம் போனது. இருட்டுக்குள் முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் அந்தக் குரலை ஒலிக்கவிட்டார்கள். அவள் அலறிக்கொண்டு பின்வாசல் வழியாகச் சாலைக்கு ஓடினாள். அங்கேதான் வெளிச்சம் தெரிந்தது. அது லாரியின் வெளிச்சம்.

விபத்து என்று எழுதி மூடினார்கள்.

மணி ஆறானது. அடிக்க ஆளில்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் மகள் வந்து தன் போனை முதல் பொந்தில் வைத்தாள்.

உடனே அது அடித்தது.

"லைட்டை அணைக்காதீங்க... அம்மா, லைட்டை அணைக்காதீங்க..."

வார்டன் பாய்ந்து வந்தாள். "சனியனே, அதை இன்னுமா வச்சிருக்க?"

"இல்லம்மா! சத்தியமா இல்ல. அன்னிக்கே எடுத்துட்டேன்."

மகள் போனை எடுத்தாள். திரையில் 'எலிப்பொறி'. உள்ளே இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்றில் எண் இல்லை, படம் இல்லை. செய்திகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

'எங்க ஒளிஞ்சாலும் வால் தெரியுதுடி.'

'நீ இல்லாட்டி இந்த ரூம்ல காத்தாவது வரும்.'

'அழு. ரெக்கார்ட் பண்றேன்.'

"யாரு இந்தத் திமிரு புடிச்சது? வரட்டும் நாளைக்கு, தோலை உரிக்கிறேன்" என்றாள் வார்டன். குரல் அவளுக்கே நம்பிக்கையில்லாமல் ஒலித்தது.

மகள் திரையைத் தாயிடம் நீட்டினாள். "அம்மா, இது எல்லாம் நான் அவளுக்கு எழுதினது. ஒரு வார்த்தைகூட மாறல."

அறைக்குள் ஈரத் துணியின் வாடை அடித்தது. பதினேழாம் பொந்துக்குள்ளிருந்து, மரத்தை நகத்தால் சுரண்டுவது போல மெல்லிய சத்தம் வந்தது. எலி என்று சொல்லிக்கொள்ள வார்டனுக்கு ஆசைதான். அவள் குனிந்து பார்த்தாள். பொந்தில் தூசிகூட இல்லை, யாரோ இப்போதுதான் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது.

அவள் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள். மகள் கையிலிருந்து போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழித்தாள். "ஒண்ணும் இல்ல. அழிச்சாச்சு. போய் முகத்தைக் கழுவு."

மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

உதடு அசைந்தது, தொண்டை நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வழிந்தது. காற்றுகூட வரவில்லை. வார்டன் அவள் கன்னத்தைத் தட்டினாள், முதுகைத் தடவினாள், தண்ணீர் கொடுத்தாள். "பேசுடி! என் கண்ணுல்ல, ஒரு வார்த்தை பேசுடி!"

அப்போது போன் மறுபடி அடித்தது.

"லைட்டை அணைக்காதீங்க... அம்மா..."

இந்த முறை அது சுண்டெலியின் குரல் இல்லை.

மகளின் குரல்.

வார்டன் போனை அணைத்தாள். அணைந்த போனிலிருந்தும் அது கெஞ்சியது. சிம்மைப் பிடுங்கி எறிந்தாள். அப்போதும் கெஞ்சியது. தாழ்வாரத்தின் கடைசி விளக்கு அணைந்தது. பிறகு அதற்கு முந்தையது. அவர்கள் அறையை நோக்கி இருட்டு ஒவ்வொரு விளக்காக நடந்து வந்தது.

மகள் மேசைமேல் கிடந்த வருகைப் பதிவேட்டைத் திறந்து, அவசரமாகக் கிறுக்கினாள். 'சொல்லிடும்மா. எல்லார்கிட்டயும். நான்தான்னு சொல்லிடு.'

"பைத்தியமா உனக்கு? வெளிய தெரிஞ்சா உன் படிப்பு போச்சு, என் வேலை போச்சு. எங்கடி போவோம் நாம?"

அறையின் விளக்கும் அணைந்தது.

ஜன்னல் வழியாக அந்திக் கருக்கல் கொஞ்சம் வந்தது. அதில் மகள் எழுந்து நிற்பது தெரிந்தது. தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்படி நின்று வார்டன் பார்த்ததே இல்லை. வேறொருத்தி நின்றுதான் பார்த்திருக்கிறாள்.

மகள் ஓடினாள்.

பின்வாசலுக்கு.

வார்டன் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. படிக்கட்டில் முட்டி பெயர்ந்தது. பூட்டியிருந்த பின்வாசல் விரியத் திறந்து கிடந்தது. வெளியே சாலை, சாலையில் தூரத்தில் இரண்டு வெளிச்சங்கள். மகள் அவற்றைப் பார்த்துக்கொண்டே போனாள். வார்டன் பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். சின்னப் பெண்தான், ஆனால் பத்து ஆள் பலம். வாசற்படியிலிருந்து தாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாலைக்குப் போனாள்.

வெளிச்சம் பெரிதானது.

வார்டன் ஒரு கையால் மகளைப் பற்றிக்கொண்டு மறு கையால் இடுப்பில் செருகியிருந்த தன் போனை உருவினாள். விடுதி அறிவிப்புக் குழு. பெற்றோர் எல்லோரும் அதில் உண்டு, தலைமை ஆசிரியை உண்டு. செத்துப்போன பெண்ணின் தகப்பனை அதிலிருந்து நீக்க யாருக்கும் தோன்றவில்லை. குரல் பதிவை அழுத்தினாள்.

"நான் வார்டன் பேசறேன். அந்தப் பொண்ணு பொய் சொல்லல. எல்லாத்தையும் என்கிட்ட காட்டினா. நான்தான் அழிச்சேன். ஏன்னா அந்தக் குழுவை ஆரம்பிச்சது என் பொண்ணு. விடுதியில இருந்த அத்தனை பொண்ணுங்களும் அதுல இருந்தாங்க. அவளைப் பொய்க்காரின்னு சொன்னப்ப நான் பக்கத்துல நின்னேன். வாயைத் திறக்கல. நான் பாவி. நான் பெரும் பாவி."

விரலை எடுத்தாள். செய்தி போய்விட்டது. அழித்துவிடலாம் என்று விரல் ஒரு கணம் துடித்தது. அது பழகிய விரல். அவள் அதை மடக்கிக்கொண்டாள்.

லாரி வார்டனின் புடவையை உரசும் தூரத்தில் கடந்து போனது.

"அம்மா" என்றாள் மகள். அவளுடைய சொந்தக் குரலில். சாலை ஓரப் புழுதியில் இருவரும் உட்கார்ந்து ஓவென்று அழுதார்கள். பின்னால் விடுதியின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன.

அன்று அவர்கள் விளக்கை அணைக்கவில்லை.

விடிந்ததும் வார்டன் பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். தலைமை ஆசிரியை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். வேலை போகும், மகளின் இடமும் போகும். போகட்டும், பிள்ளை குரலோடு இருக்கிறாளே, அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அப்போது அந்தத் தகப்பன் அழைத்தார்.

"கேட்டேன்" என்றார். "அன்னிக்கு அதை அழிக்காம வச்சிருந்தா போதும்மா. ஒரு போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பியிருந்தா போதும். பஸ் ஏறி வந்து கூட்டிட்டுப் போயிருப்பேன். தன்னை யாரும் நம்பலன்னு தெரிஞ்சே எம்புள்ள போயிட்டா."

"ஐயா..." என்றாள் வார்டன்.

"உன்னை மன்னிக்க நான் போன் பண்ணல. ஒண்ணு சொல்லணும். அவ போனு இங்க பீரோவுல கிடக்கு. ஒரு மாசமா செத்துக் கிடக்கு, சார்ஜுகூட போடல. நேத்து சாயங்காலம் நீ பேசினது வந்த நேரத்துல, அதோட லைட்டு தானா எரிஞ்சுது. இன்னும் அணையல."

"என்ன... என்ன இருக்கு அதுல?"

"ஒரே ஒரு வரி. யாருக்குன்னு தெரியல." அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "'இன்னும் முப்பது பேர்.'"

வெளியே முன்வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம், பெட்டிகள் உருளும் சத்தம், பெண்களின் சிரிப்பு. வந்துவிட்டார்கள், நேற்றைய பதிவைக் கேட்டதாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. வார்டன் வாசலுக்கு ஓடி, "உள்ள வராதீங்கடி! அப்படியே திரும்பிப் போங்க!" என்று கத்தினாள். பூட்டம்மாவுக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

கண்ணடித்தவளின் பையிலிருந்த போன் அடித்தது.

"லைட்டை அணைக்காதீங்க..."

"ஏய், நான் இதை எப்பவோ எடுத்துட்டேனே" என்று சிரித்துக்கொண்டே அவள் பைக்குள் கையை விட்டாள்.