டீயில் கலந்த மாத்திரை

தமிழரசு செத்துக் கிடந்தான்.

பட்டாபிராம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறை. காலை ஒன்பது மணி. வாயிலிருந்து வழிந்த ரத்தம் பாய் முழுக்க...

கூடத் தங்கியிருந்த தேவராஜ் ஓடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இரும்பை ஆசிட்டில் முக்கிப் பூச்சு போடும் ஒரே பிளேட்டிங் கம்பெனியில் வேலை.

இன்ஸ்பெக்டர் சரவணக்குமார் வந்தார். ரத்தத்தைப் பார்த்தார். தேவராஜைப் பார்த்தார். மனதுக்குள் கேஸை முடித்துவிட்டார்.

நேற்று சாயங்காலம் தேவராஜ், தமிழரசுவின் சட்டையைப் பிடித்து உலுக்கினானாம். பக்கத்து அறைக்காரர்கள் சொன்னார்கள்.

"எதுக்குய்யா சண்ட?"

"அவன் எனக்கு வெசம் வச்சிகினு இருந்தான் சார்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

ஒரு மாதமாகத் தினமும் தமிழரசுதான் டீ வாங்கி வந்தான். ஒரே கசப்பு. ஒரு நாள் ஒன்றுக்குப் போனால்... சிவப்பு! நேற்று காலை ஒளிந்திருந்து பார்த்தான். தமிழரசு மாத்திரைகளை நசுக்கி தேவராஜின் டம்ளரில் போட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஏன் என்று கேட்டதற்கு இருமல்தான் வந்தது.

"இத பார் சார்..." என்று காலி மாத்திரை அட்டையை நீட்டினான்.

அப்போது பிணத்தின் செல்போன் அலறியது!

இன்ஸ்பெக்டரே எடுத்தார். டிபி ஆபீஸிலிருந்து கிருஷ்ணப்பிரியா. தமிழரசு ஏன் இந்த மாதத்து மாத்திரையை வாங்க வரவில்லை என்று கேட்டாள். விஷயம் தெரிந்ததும் பத்தே நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்து நின்றாள். அட்டையைப் பார்த்தாள்.

"நாங்க குடுத்ததுதான் சார். டிபி மாத்திர. இத சாப்ட்டா யூரின் சிவப்பா போகும்."

"செத்தவனுக்குக் குடுத்தத இவனுக்கு எதுக்கும்மா போட்டான்?"

தேவராஜின் முகம் வெளுத்தது.

"சார்... கம்பெனில கேம்ப் போட்டாங்க. இருமுறவங்க டப்பால துப்பித் தரணும்னாங்க. வியாதின்னு எழுதிட்டா வேல போய்டும்னு அவனுக்கு பயம். 'நீ நல்லா கீற, எனக்கு பதிலா துப்பு மச்சான்'னு குட்த்தான். துப்புனேன். ஒண்ணியும் இல்லன்னு ரிசல்ட் வந்துச்சுன்னு அவன்தான் சொன்னான்."

கிருஷ்ணப்பிரியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் பேர்ல வந்த அந்தச் சளில கிருமி இருந்துச்சுங்க."

மாத்திரை வாங்கும்போது தமிழரசு கேட்ட கேள்வி இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பயந்தாங்கொள்ளி ஒருத்தன், வியாதி என்று தெரிந்தால் ஊருக்கே ஓடிவிடுவான். சொல்லாமல் கொடுத்தாலும் மருந்து கேட்குமா என்று கேட்டிருந்தான். அந்த ஒருத்தன் தேவராஜ்தான். தன் இருமல் ஆசிட் புகையால் வந்தது என்றே நம்பியிருக்கிறான் பாவி!

"இவருக்கும் டிபியாத்தான் இருந்திருக்கும் சார். இருமி ரத்தம் கக்கியிருக்கறதப் பாத்தாலே தெரியுது. இவர் சளிய கடைசி வரைக்கும் யாருமே டெஸ்ட் பண்ணல."

"என்ன பொழைக்க வச்சிட்டு நீ பூட்டியேடா..."

தேவராஜ் வாய்விட்டு அழுதான். இன்னும் ஐந்து மாதம் மாத்திரையை நிறுத்தக்கூடாது, இனி உங்கள் பேரிலேயே தருகிறோம் என்று கிருஷ்ணப்பிரியா அவன் தோளைத் தொட்டாள்.

இன்ஸ்பெக்டர் எழுதியதைக் கிழித்துப் போட்டார். கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டு வாரமா எனக்கும் இருமல்தாம்மா. ஒரு டப்பா குடு... சத்தியமா கான்ஸ்டபிளத் துப்பச் சொல்ல மாட்டேன்!"