ஏழு அடித்தலும் எட்டாவது வரியும்

“குடையை வெளியே வைங்க! தாள் மேல தண்ணி சொட்டுது பாருங்க!”

இசை ஆவணக் காப்பகத்தில் அவளை வரவேற்றது அந்த அதட்டல்தான். நிமிர்ந்தாள். மேசைக்கு அப்பால் இளம் காப்பாளர்... மழையில் கழுவிய கண்ணாடி போல் தெளிந்த கண்கள். அழகான கண்கள்தான், அதனாலென்ன? அவளும் கோபத்தோடுதான் வந்திருந்தாள். மேசை மேலிருந்த பழைய இசைக் கையெழுத்துத் தாள்களின் பெட்டியைச் சுட்டிக் காட்டினாள்.

“ஞாயித்துக்கிழமை கச்சேரில இதை நான் வயலின்ல வாசிக்கப் போறேன். பெட்டி மேல என்ன எழுதியிருக்கு? படிங்க சார்.”

“இசையமைச்சது கணவர். அதைப் பாத்து நகல் எழுதினது அவர் மனைவி. சரியாத்தானே இருக்கு?”

“சரியா? பெட்டியைத் திறந்தாவது பாத்தீங்களா?”

பெட்டியிலிருந்து மூன்றாம் தாளை எடுத்து அவன் முன் வைத்தாள். ஒரே வரி ஏழு முறை எழுதி அடிக்கப்பட்டிருந்தது. எட்டாவது முறைதான் மெட்டுக்கு வழி கிடைத்திருந்தது. ஓரத்தில் அதே கையெழுத்தில், ‘குழந்தைக்குக் காய்ச்சல். மீதி நாளைக்கு.’

“பாத்து எழுதறவங்க ஏழு தடவை மனசை மாத்திப்பாங்களா? அந்த மகானுபாவர் எழுதினது முதல் பக்கத்துல தன் பேரை மட்டும்தான்!”

அவன் முகம் வாடியது. “பெட்டி மேல எழுதினது எங்கப்பா. முப்பது வருஷம் இதே நாற்காலியில இருந்தவர். அவர் எழுத்தை நான் எப்படி அடிக்கிறது?”

“உங்கப்பா மானம் பெரிசு. செத்துப்போன அந்தம்மாவுக்கு மானமே இல்ல, அப்படித்தானே? நாலு மணிக்கு நிகழ்ச்சித் தாள் அச்சுக்குப் போகுது. இசை அந்தம்மாவோடதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடலைன்னா மறுபடியும் அவ புருஷன் பேர்தான்!”

விருட்டென்று போய்விட்டாள்.

அவன் அந்த ஓரக்குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் குழந்தையின் நெற்றியில் ஒரு கை, காகிதத்தில் மறு கை... அந்த உழைப்பைக் கூசாமல் எடுத்துக்கொண்டானே ஒருவன்! அந்தப் பொய்யை நாமும் கட்டிக்காத்தோமே! தொலைபேசியை எடுத்தான்.

எல்லாம் கேட்டபின் அப்பா சொன்னார்: “நான் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லடா. அவர் வீட்டுல சொன்னதை அப்படியே எழுதிட்டேன். ஆண்டவன் மன்னிக்கட்டும். அடிச்சிடு. தப்பு என்னோடதுன்னே எழுது.”

ஒத்திகைக் கூடத்துக்கு அவன் ஓடி வந்தபோது மணி மூன்றே முக்கால். உடம்பெல்லாம் மழை. பிளாஸ்டிக் உறைக்குள் கடிதம் மட்டும் நனையவில்லை. இசையமைத்தவர் என்ற இடத்தில் அந்த மனைவியின் பெயர். கீழே காப்பகத்தின் முத்திரை. படித்தவளின் கண்கள் நிறைந்தன...

“கத்தினதுக்கு மன்னிச்சுக்குங்க,” என்றான் மூச்சிரைக்க. “அப்புறம்... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. இந்தக் கோபத்தோட சேத்து.”

அவள் முகம் சிவந்தது. “கோபம் இன்னும் தீரல. அந்தம்மாவோட பெட்டி இன்னும் பதினொண்ணு கிடக்கு. அதெல்லாம் அவங்க பேருக்கு வர்ற வரைக்கும் உங்களை விடறதா இல்ல...”

தலை குனிந்தாள்.

“வந்தப்புறமும்தான்.”