காயாத செருப்பு

மழை பெய்து இருபது நாளாகியிருந்தது. ஆனாலும் காட்சியகமாகிவிட்ட அந்தப் பழைய மாளிகையின் வாசலில், செருப்பு விடும் பலகையில், ஒரு ஜோடி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

கொத்தனார் குனிந்து பார்த்தார். வலது வாரில் வெள்ளைத் தையல், சிமென்ட் மூட்டையில் உருவிய நூல். பல்கலைக்கழகத்தில் சேரக் கிளம்பிய மகளுக்கு அவரே தைத்துக் கொடுத்தது.

"அது ஒரு வருஷமா கெடக்குது பெரியவரே," என்றார் காவலாளி. "ரெண்டு தடவ தூக்கிப் போட்டேன். காலைல வந்தா இங்கயே இருக்கு. இப்பல்லாம் சாயங்காலம் ஒரு ஜோடிதான் மிச்சம்னா, உள்ள ஆளில்லன்னு பூட்டிட்டுப் போயிடுவேன். பேய்க்கும் எனக்கும் ஒப்பந்தம்."

சிரித்தார். கொத்தனாரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "அஞ்சு மணிக்குள்ள வந்துடுங்க."

கொத்தனார் தன் செருப்பை அதன் பக்கத்தில் கழற்றி வைத்தார்.

போன வருஷம் இந்தத் தோட்டத்துக் குளத்தில்தான் மகள் பிணமாக மிதந்தாள். அன்று மூன்று முறை போன் செய்திருந்தாள். கையெல்லாம் கலவை, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அந்த அப்புறம் வரவேயில்லை. அன்றிலிருந்து மனைவி கதவைத் தாழிடுவதில்லை. இன்று காலையும் சொன்னாள்: "நீங்க போய்க் கூப்பிடுங்க. அப்பா கூப்பிட்டா வருவா."

யாரும் உட்காராத நாற்காலிகளையும் யாரும் புரட்டாத புத்தகங்களையும் கடந்து பின்கட்டுக்கு நடக்கையில், நூறு வருஷத்துச் சுவரிலிருந்து நேற்றுப் பூசிய சுண்ணாம்பின் ஈரவாசனை வருவதை, நாற்பது வருஷம் சுவரோடு பிழைத்த அவர் மூக்கு கண்டுகொண்டது. குளம் பாசி மூடிக் கிடந்தது. கரையில் வெகுநேரம் நின்றார். வெயில் இறங்கியது. சுற்றிப் பார்க்க வந்த மற்றவர்கள் போய்விட்டார்கள்.

"வீட்டுக்கு வாம்மா," என்றார். "அம்மா தேடறா."

பாசி அசையவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் திரும்பினார்.

கூடத்தில் பாதி வந்தபோது, பின்னால், கல்தரையில் ஈரக்கால் வைக்கும் சத்தம். அவர் நின்றார். அது நிற்கவில்லை. பக்கத்தில் வந்தது. குளிர். பாசி வாடை. தாண்டிப் போனது. தரையில் ஈரத்தடங்கள், ஒவ்வொன்றாக, வாசலை நோக்கி.

"கண்ணு," என்றார். தடங்கள் வாசலைத் தாண்டின.

வாசலில் பூட்டு விழும் சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு ஓடினார். பலகையில் ஒரே ஜோடி. அவருடையது. கண்ணாடியை அறைந்தார். காவலாளி நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை வேகமாக மிதித்தார்.

தெருவில் அவள் போய்க்கொண்டிருந்தாள். தலைமுடியிலிருந்து நீர் ஒழுகியது. ஒரு முறை திரும்பினாள். பிணவறையில் வெள்ளைத் துணியை விலக்கி அவர் பார்த்த அதே முகம். மீன்கள் மிச்சம் வைத்தது.

அவர் கூப்பிட்டது மகளை. எழுந்து வந்தது எது?

மனைவிக்குப் போன் செய்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. அவள் எடுக்கவில்லை. மாவுக் கையாக இருக்கும். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாள்.

அது வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பியது. அங்கே விளக்கு எரியும். கதவு தாழிடாமல் இருக்கும்.