ஜான்சி கேட்காத கேள்வி

ஜான்சியின் பக்கத்து வீட்டுக்கு மங்கையர்க்கரசி அக்கா குடிவந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தவர். அவருடைய கணவர் சுப்ரமணியன் போசரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அக்காவுக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது.

ஒருநாள் அக்கா கசார்வாடிப் பால்கடையில் போய் மோர் கேட்டார். கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். மராத்தியில் மோர் என்றால் மயில். "மயில் இங்கே விற்பதில்லை என்று உங்கள் அக்காவிடம் சொல்" என்று அவர், அங்கே பால் வாங்க வந்திருந்த, மராத்தி நன்றாகத் தெரிந்த ஜான்சியிடம் சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்றிலிருந்து அக்கா எங்கே போனாலும் ஜான்சிதான் துணை. ஜான்சி அப்போது ஆறாம் வகுப்பு படித்தாள். பெரியவர்கள் பேசுவதற்குத் தன்னை நம்பியிருக்கிறார்கள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

1998 பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, அக்காவுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன.

"ஞாயித்துக்கிழமை என் தங்கச்சிக்குக் கல்யாணம். வியாழக்கிழமை ரயில். அதுக்குள்ள சரியாகணும். டாக்டர்கிட்ட வாரியா, ஜான்சி?" என்று அக்கா கேட்டார்.

ஜான்சிக்குப் போக மனமே இல்லை. அன்று ஐந்தரை மணிக்கு அடுத்த தெருப் பிள்ளைகளோடு லகோரிப் போட்டி. ஏழு கற்களை அடுக்கிப் பந்தால் அடிப்பதில் ஜான்சியை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அவள் இல்லாமல் ஆட்டம் தொடங்கினால் தோல்விதான். ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் மறுக்க முடியவில்லை.

லீலா டாக்டரின் கிளினிக்கில் கூட்டம் அதிகம். அக்காவின் முறை வந்தபோது மணி ஐந்தேகால். டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ஜான்சியிடம் மராத்தியில் சொன்னார்.

"தொண்டையில் சீழ் வைத்திருக்கிறது. ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கேட்டுச் சொல். இவருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? வயிற்றில் குழந்தை இருக்கிறதா? வேறு ஏதாவது நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாரா?"

மூன்று கேள்விகள். அக்கா எதற்கும் ஊர்க்கதையோடுதான் பதில் சொல்வார். ஜான்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இல்லை டாக்டர். எதுவும் இல்லை" என்றாள்.

"என்ன கேக்காங்க?" என்று அக்கா அவள் கையைத் தொட்டார்.

"காய்ச்சல் எத்தனை நாளான்னு கேட்டாங்க. நானே சொல்லிட்டேன்."

டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஜான்சி மாத்திரைகளை வாங்கிக் கொடுத்துவிட்டு ஓடினாள். லகோரியில் அவள் அணிதான் வென்றது.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஜான்சி எட்டிப் பார்த்தாள். சுப்ரமணியன் வேலைக்குப் போயிருந்தார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடும் கண்ணிமைகளும் வீங்கியிருந்தன. கழுத்திலும் கையிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம்.

ஜான்சி கத்தியதில் அவள் அம்மா மரியம்மாள் ஓடிவந்தாள்.

"நேத்து என்ன சாப்பிட்டே, மங்கை? கத்திரிக்காய் ஒத்துக்கலையோ? கொஞ்ச நேரம் படுத்திரு, வெந்நீர் வைக்கிறேன்" என்றாள் அம்மா.

அக்கா திக்கித் திக்கிப் பேசினார். "நேத்து ராத்திரி ஒரு மாத்திரை போட்டேன். அப்பவே அரிச்சது. இப்ப இன்னொண்ணு. சின்னதுல எனக்குப் பென்சிலின் ஊசி போட்டப்ப இப்படித்தான் ஆச்சு. டாக்டர் அதைப் பத்திக் கேக்கலையே. வேற மருந்தா இருக்கும்னு நெனச்சேன்."

ஜான்சி மாத்திரை அட்டையைப் பார்த்தாள். டாக்டர் கேட்டார். முதல் கேள்வியே அதுதான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கத்திரிக்காய்தான் காரணம் என்று எல்லோரும் நினைப்பார்கள். அவளை யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் அக்காவின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அம்மா, கத்திரிக்காய் இல்லை. அந்த மாத்திரைதான். டாக்டர் கேட்டாங்க. நான் அக்காகிட்ட கேக்காமலே இல்லைன்னு சொல்லிட்டேன். படுக்க வேண்டாம், உடனே போகணும்."

அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அக்காவைத் தூக்கி நிறுத்தினாள். ஜான்சி மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

கிளினிக்கில் அட்டையை மேசையில் வைத்து, நடந்ததை மராத்தியில் மளமளவென்று சொன்னாள். டாக்டர் கேட்டுக்கொண்டே அக்காவுக்கு ஊசி போட்டார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தொலைபேசியில் பேசினார். அக்காவின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது.

"இது பென்சிலின் குடும்பத்து மருந்து" என்றார் டாக்டர். "நிறையப் பேருக்கு நல்லது செய்யும். இவருக்கு ஆகாது. ஆளைப் பார்த்துத்தான் மருந்து. அதனால்தான் கேட்கிறேன்."

"இப்படி ஆகும் என்று தெரியாது, டாக்டர்" என்றாள் ஜான்சி.

"தெரியாதது தப்பில்லை" என்றார் டாக்டர். திட்டியிருந்தால் தேவலை என்று ஜான்சிக்குத் தோன்றியது. அக்காவின் நோயாளிச் சீட்டின் மேல் பென்சிலின் ஆகாது என்று டாக்டர் சிவப்பு மையில் பெரிதாக எழுதினார்.

அக்கா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். தொண்டைக்கு வேறு வகை மருந்து கொடுத்தார்கள். அது ஒத்துக்கொள்கிறதா என்று காலையும் மாலையும் வந்து பார்த்தார்கள். வியாழக்கிழமை ரயில் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணமும் நடந்து முடிந்தது.

அன்று ஜான்சி அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கல்யாணத்துக்கென்று எடுத்த பட்டுப்புடவையைப் பெட்டியில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னைக்கு எனக்கு விளையாடப் போகணும். அதான் உங்ககிட்ட கேக்கல."

அக்கா பெட்டியை மூடினார்.

"என் தங்கச்சிக்குத் தலைபின்னி விட நான்தான் வாரேன்னு சொல்லியிருந்தேன்" என்றார். பிறகு, "நீ ஒளிக்காம சொன்னதாலதான் நான் உக்காந்து பேசுதேன். அதுவும் இருக்கு. இதுவும் இருக்கு" என்றார்.

ஜான்சி அழுதாள். அக்கா அவளைத் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்துக் கல்யாணப் படம் தபாலில் வந்தது. மாலையோடு நின்ற மணப்பெண்ணைச் சுற்றி இருபது பேர் இருந்தார்கள். அதில் அக்கா மட்டும் இல்லை. ஜான்சி அதை நெடுநேரம் பார்த்தாள். அன்று மாலை ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனாள்.

"இதை நீங்களே சொல்லக் கத்துக்கணும், அக்கா. நான் இல்லாட்டியும்." தமிழ் எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள். "மலா பென்சிலின் சாலத் நாஹி. எனக்குப் பென்சிலின் ஆகாதுன்னு அர்த்தம்."

"மலா பென்சிலின் சாலத் நாயி" என்றார் அக்கா.

"நாயி இல்லை, நாஹி."

தினமும் பாத்திரம் துலக்கும்போது அக்கா அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினார். சுவருக்கு இந்தப் பக்கம் ஜான்சிக்குக் கேட்கும்.

ஜூன் மாதம் அக்காவுக்குப் பல்வலி. பல் டாக்டர் புதியவர். அவரிடம் சிவப்பு மைச் சீட்டு எதுவும் இல்லை. அவர் பேனாவைத் திறந்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மலா பென்சிலின் சாலத் நாஹி."

டாக்டரின் பேனா நின்றது. "நல்லவேளை சொன்னீர்கள். வேறு ஏதாவது ஒத்துக்கொள்ளாதா?" என்று மராத்தியில் கேட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜான்சி அந்தக் கேள்வியை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள். பிறகு அக்கா யோசித்து, ஊர்க்கதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை, கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.