பிணம் கேட்ட கேள்வி

டுமீல்!

தனுஷ்கோடி மணலில் கூத்தையா சாய்ந்து விழுந்தான். சட்டையெல்லாம் ரத்தம். கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தன.

அடுத்த நொடி...

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

"சார்... ஒரு சந்தேகம்."

"கட்!"

இயக்குநர் பூமிநாதன் தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய முதல் படம். இது கடைசி ஷாட். போலீஸாக நடிக்கும் கதாநாயகன் க்ளோசப்பை முடித்துக்கொண்டு காலையிலேயே ரயிலேறிவிட்டார். கேமராவுக்கு முதுகு காட்டிச் சுட, அதே உடுப்பில் அவருடைய டூப் தாஸ் மட்டும். கேமராவும் இன்று மெட்ராஸ் திரும்பியாக வேண்டும். சூரியனோ கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. விட்டால் படத்துக்கு இடைவேளைக் காட்சியே கிடையாது!

"என்னய்யா சந்தேகம்?"

"நான் என்ன குத்தம் பண்ணேன்?" மிளகாய்க் கொல்லை வேலையை விட்டுவிட்டு நடிக்க வந்தவன் கேட்டான்.

"நீ ரவுடி."

"யாரு சொன்னா?"

"போலீஸ் சொல்லுது."

"கோர்ட்டு?"

"கோர்ட் வர்றதுக்குள்ள இடைவேளை வந்துடும்யா!"

யூனிட்டே சிரித்தது. கூத்தையா சிரிக்கவில்லை.

"எங்கூருக் கோயில்ல கெடாய்க்கே மஞ்சத்தண்ணி தெளிச்சு, அது ஒடம்ப உதறிச் சம்மதம் சொன்னாத்தேன் வெட்டுவாக. எனக்கு ஒரு சொம்புத் தண்ணியாச்சும் உண்டா சார்?"

"தியேட்டர்ல கைதட்டுவாங்கய்யா!"

"தட்டுவாக. அதேன் பயமா இருக்கு. லுங்கி கட்டுனவன் பூராம் மொதப் பாதியிலயே சாகுறோம். கோட்டுப் போட்ட வில்லன் மட்டும் கடைசி வரைக்கும் டான்ஸ் பாக்குறாரு!"

பூமிநாதனுக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதிய கதை. கிடாய்க்குள்ள மரியாதை இதில் மனுஷனுக்கு இல்லையே...!

"சரிய்யா. சுடுறதுக்கு முன்னாடி போலீஸ், 'நீ என்ன சொல்றே?'ன்னு கேக்கும். போதுமா?"

"அத மரியாதையாக் கேக்கணும் சார். தாஸண்ணே இப்பவே மொறைக்கிறாரு."

"அப்ப நீயே போலீஸ்! தாஸ், நீங்க சாவுங்க. லுங்கி மாத்துங்க... சீக்கிரம்!"

உடுப்பு கைமாறியது. தொப்பி... பெல்ட்... பூட்ஸ்! கூத்தையாவின் நடையே மாறிவிட்டது. கட்டிய கைகளோடு தாஸ் மண்டியிட்டார்.

"ஆக்‌ஷன்!"

டுமீல்!

தாஸ் சுருண்டு விழுந்தார். சூரியன் கடலுக்குள் இறங்கிவிட்டது.

"ஏய்யா... கேள்வி எங்கய்யா?" பூமிநாதன் அலறினார்.

கூத்தையா துப்பாக்கி முனையை ஊதினான். மீசையை முறுக்கினான்.

"கேட்டா... அவரு பதில் சொல்லிப்புடுவாருல்ல சார்!"