மணக்காத மெழுகுவர்த்திகள்

விடிந்தும் விடியாததுமாக நாத்தனார் வந்து இறங்கினாள். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதைச் சாப்பாட்டு மேஜையில் அவள் தொப்பென்று போட்ட வேகத்தில், அண்ணன் குடித்துக்கொண்டிருந்த காபி தளும்பி அவன் சட்டையில் தெறித்தது. அவன் முகம் சுளித்தான். தங்கையைப் பார்த்து அல்ல, மனைவியைப் பார்த்து. இந்த வீட்டில் மழை பெய்யாவிட்டாலும் அவள்தான் காரணம்.

பெட்டி நிறைய மெழுகுவர்த்திகள். முந்தைய நாள் நாத்தனார் பரிசுப்பொருள் கடை திறந்திருந்தாள். அங்கே விற்பதற்கு ரோஜா மணக்கும் மெழுகுவர்த்திகளை அண்ணிதான் செய்து கொடுத்தாள். ஏற்றினால் எரிந்தன, மணக்கவில்லை. வந்தவர்கள் மூக்கருகே வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்களாம்.

"நல்லா பண்ணீங்க அண்ணி... என் கடை உருப்படக்கூடாதுன்னு எவ்ளோ நாளா நினைச்சுட்டிருந்தீங்க?"

அண்ணி மேஜையில் சிந்திய காபியைத் துடைத்தாள். இங்கே அவளுக்குப் பெயர் நத்தை. மாமியார் வைத்தது. நிதானமாக வேலை செய்கிறவளை அவசரக்குடுக்கைகள் வேறு எப்படிக் கூப்பிடும்? இந்தக் குடும்பத்தில் வாயில் போட்டதை மெல்ல யாருக்கும் நேரமில்லை, பேசுமுன் யோசிக்கவும் நேரமில்லை. இப்படி ஓடி ஓடி என்னத்தைக் கிழித்தார்கள் என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லவும் நேரமிருக்காது.

மெழுகு உருக்க, மெல்லச் சூடேறும் மின்சார ஸ்லோ குக்கர் ஒன்றை அவள் வாங்கி வந்தபோது வீடே சிரித்தது. நத்தைக்கு ஏற்ற அடுப்பு என்றாள் மாமியார். ஆனால் மெழுகுக்கு அதுதான் சரி. குறைந்த சூட்டில் வைத்தால் புகையாமல், கருகாமல் மெல்ல உருகும். வாசனை எண்ணெய் விட்ட பிறகு சூடு ஏறவே கூடாது, ஏறினால் வாசனையெல்லாம் ஆவியாகப் போய்விடும். இதை அவள் பலமுறை சொல்லியிருந்தாள். கேட்கத்தான் அந்த வீட்டில் காது இல்லை.

நாத்தனார் கடைக்காகச் செய்த அன்றைக்கு எண்ணெயைக் கலந்துவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் குக்கரின் குமிழ் கடைசிச் சூட்டில் நின்றது. சமையலறை கமகமவென்று மணந்தது. அது மெழுகை விட்டு ஓடிக்கொண்டிருந்த மணம் என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. பதறிப்போய்ச் சூட்டைக் குறைத்து, அச்சுகளில் ஊற்றிவிட்டாள். வீட்டில் அப்போது இருந்தது மாமியார் ஒருத்திதான்.

இப்போது பெட்டியைப் பார்த்ததும் எல்லாம் புரிந்தது. மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சுவரைப் பார்த்தாள். சொல்லிவிடலாம்தான். ஆனால் நாத்தனாரின் நாக்கு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். போன தடவை ஒன்றுமில்லாத விஷயத்துக்கு மகள் பேசிய பேச்சில், மாமியார் அன்னம் தண்ணி இல்லாமல் அழுதுகொண்டு கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டது இந்த நத்தைதான்.

கணவன் எழுந்தான். அலுவலகத்தில் அதிகாரி இருமினாலே எழுந்து நிற்கிறவன், வீட்டில் புலி.

"இந்தக் கருமத்தை இன்னிக்கே பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடறேன். அப்பத்தான் உனக்குப் புத்தி வரும்."

குக்கரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். ஒயர் தரையில் இழுபட்டுக்கொண்டே போனது. அவள் தடுக்கவில்லை, கண்ணீர் மட்டும் நிற்காமல் வழிந்தது. முன்பொரு தடவை கீழே விழுந்து படுத்துவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்ள அவள் வேலையை விட்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கென்று இந்த வீட்டில் இருந்தது அந்தக் குக்கர் ஒன்றுதான்.

"நில்லுடா," என்றாள் மாமியார். "நான்தான் திருகினேன். காலையிலேர்ந்து அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கே, சீக்கிரம் ஆகட்டுமேன்னு ஏத்தி வெச்சேன்..."

நாத்தனார் தாயின் பக்கம் சீறித் திரும்பினாள். அண்ணி குறுக்கே வந்து நின்றாள். அத்தையை ஒன்றும் சொல்ல வேண்டாம், கடைக்கு வேறு செய்து தருகிறேன் என்றாள். நாத்தனார் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த வாய்க்கு அது புது அனுபவம்.

"உனக்குத் தெரிஞ்சுதானே இருந்துச்சு? ஏன்டி சொல்லல?" என்றாள் மாமியார்.

"சொல்லியிருந்தா யாரு அத்தை நம்பியிருப்பாங்க? உங்க பையனா?"

மாமியாருக்குச் சுருக்கென்றது. மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் மாமியார்காரி. நத்தைன்னேன், சோம்பேறின்னேன், வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். நீ புருஷன்டா... நீதான் செஞ்சியான்னு அவளை ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் குக்கரும் கையுமாக நின்றான். மாமியார் மருமகளைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். மருமகள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"இதை... எங்க வைக்கட்டும்?" என்று ஈனசுரத்தில் கேட்டான் கணவன். கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் அவன் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்படியே வெச்சுக்கிட்டு நில்லுங்க. அத்தை அழுது முடிக்கட்டும்."

அவன் நின்றான்.